பூட்டின் சார்பாக

பூட்டிய பூட்டை எத்தனை முறை இழுத்துப் பார்த்தால் அது பூட்டியிருக்கிறது என்று ஒப்புக்கொள்ளலாம்? சாயங்காலம் அலுவலகக் கதவைச் சாத்தி, சாவியைத் திருகி, பூட்டை ஒரு இழு இழுத்துவிட்டு அவர் படியிறங்குவார். கீழே டயர்க் கடை வாசல்வரை வந்ததும் நிற்பார். அண்ணாந்து பார்ப்பார். மறுபடியும் மேலே ஏறுவார். தாழ்ப்பாளில் இரும்பு மோதும் சத்தம் கேட்கும். பஞ்சர் ஒட்டிக்கொண்டிருக்கும் டயர்க் கடைக்காரர் தலை நிமிராமலே, "இருக்கா சார்?" என்பார். "இருக்கு," என்று மேலிருந்து பதில் வரும். அறிவு எது, ஐயம் எது என்று பக்கம் பக்கமாக எழுதிய ஞானிகளை ஓரளவு படித்திருக்கிறேன். அவர்களில் ஒருவரும் பாதிப் படியிலிருந்து திரும்பி ஏறியவராகத் தெரியவில்லை.

பெற்றோர் வைத்த பெயர் அவருடைய சம்பளச் சீட்டில் பத்திரமாக இருக்கிறது. மற்ற எல்லா இடத்திலும் அவர் 'பூட்டு'. முன்னால் கூப்பிடும்போது 'அண்ணா', பின்னால் பேசும்போது 'பூட்டு'. முதலாளியம்மா மட்டும் ஒருநாள் வாய் தவறி, "பூட்டு சார், கொஞ்சம் வாங்க," என்று நேராகவே கூப்பிட்டுவிட்டார். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "சொல்லுங்கம்மா," என்று எழுந்து போனார். போகும் முன் மேசை டிராயரைப் பூட்டினார். உள்ளே இருந்தது அவருடைய டீக் குவளை.

குவளை மட்டுமல்ல. குடையின் கைப்பிடியில் ஒரு சைக்கிள் பூட்டு. சாப்பாட்டுப் பையில் பெட்டிகளுக்குப் போடுகிற எண் பூட்டு. அந்த எண் அலுவலகம் முழுவதற்கும் தெரியும், ஏனென்றால் சக்கரத்தைத் திருப்பும்போது அவர் எண்ணை வாய்விட்டுச் சொல்வார். ஒரே ஒருமுறை ஒருத்தி அதைத் திறந்தும் பார்த்தாள். உள்ளே டப்பா இருந்தது. டப்பாவிலும் ஒரு பூட்டு. "நம்பிக்கை இல்லாமலா அண்ணா?" என்று அவரிடமே போய்க் கேட்டாள். "நம்பிக்கை வேற, பூட்டு வேற. ரெண்டையும் போட்டுக் குழப்பாத," என்றார்.

எங்கள் அலுவலகம் சலவைக் கடைகளுக்கு மென்பொருள் செய்கிறது. யார் எந்தத் துணியைக் கொடுத்தார்கள், எந்தக் கறை, எந்தப் பை, எந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்பதைக் கணினி பார்த்துக்கொள்ளும். கடைக்காரர்கள் அதை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்ற குறிப்புகளை எழுதுவது என் வேலை. ஆகவே பூட்டுக்கு எதிர் மேசையில் உட்கார்ந்து அவரைப் பார்ப்பதும் கிட்டத்தட்ட என் வேலை. எழுதிய நிரலை எல்லாம் இணையத்தில் ஒரே இடத்தில் சேர்த்து வைக்கும் சேவை ஒன்று இருக்கிறது. எங்களுக்கு அது 'குடோன்'. யார் எதை மாற்றினாலும் முதலில் குடோன் வாசலில் வைக்க வேண்டும். வைத்தவரின் பெயரும் சின்ன வட்டத்துக்குள் அவருடைய படமும் அதன் மேல் தெரியும். இன்னொருவர் படித்துப் பார்த்து ஏற்றுக்கொண்டால்தான் அது உள்ளே போகும். அந்த இன்னொருவர் பூட்டு. வேறு யாரும் இல்லை. அப்படி விதி வைத்தவரும் அவரே.

வாசலில் வைத்த மாற்றங்களுக்குக் கீழே அவர் எழுதும் விமர்சனங்கள் புகழ்பெற்றவை. 'ஏன்?' என்று எழுதுவார். சில நாள் 'யார் கேட்டது?' என்று எழுதுவார். ஒரு வாரம் உயிரைக் கொடுத்து எழுதிய வேலைக்குக் கீழே 'பிறகு?' என்று மட்டும் இருக்கும். அவர் கொடுக்கும் உச்சமான பாராட்டு 'பரவாயில்லை'. அது கிடைத்தவர்கள் அன்று எல்லோருக்கும் டீ வாங்கித் தருவது வழக்கம். அலுவலகத்தில் டீக்கு அதிகம் செலவானதில்லை.

அந்தச் சொற்களுக்கு மேலே வட்டத்துக்குள் இருக்கும் படமும் சேர்ந்துதான் ஆளைக் கொல்லும். பாஸ்போர்ட்டுக்காக எடுத்த படம். எடுத்தவர், "கொஞ்சம் சிரிங்க சார்," என்றாராம். "எதுக்கு?" என்று இவர் கேட்ட அதே நொடியில் கேமராப் பொத்தான் அழுந்திவிட்டது. 'எதுக்கு?' என்று கேட்கும் அந்த முகம்தான் இத்தனை வருடமாகக் குடோன் வாசலில் நிற்கிறது.

சாப்பாட்டுப் பையைத் திறந்தவளைச் சொல்ல வேண்டும். அவள் பெயர் 'அவசரம்'. நிரல் எழுதுவதில் கெட்டிக்காரி. ஆனால் பொத்தான் என்று ஒன்று கண்ணில் பட்டால் விரல் பொறுக்காது. ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கும் லிஃப்ட் பொத்தானை இன்னும் நாலு தரம் அழுத்துவாள். 'நிபந்தனைகளைப் படித்தேன், ஏற்கிறேன்' என்ற கட்டம் முழுதாகத் தெரிவதற்குள் ஏற்றுவிடுவாள். தன் கல்யாணத்தைப் பதிவு செய்தபோது, காட்டிய இடத்தைப் பார்க்காமல், சாட்சி போட வேண்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டவள் அவள். "அன்னிக்கு என் கல்யாணத்துக்கு நானே சாட்சி. பொண்ணு யாருன்னு தேடிட்டு இருந்தாங்க," என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். மாற்றங்களை ஏற்கும் அதிகாரத்தை அவள் பூட்டிடம் அடிக்கடி கேட்பாள். "உனக்கா?" என்பார் அவர். அத்தோடு பேச்சு முடிந்துவிடும்.

ஒரு காலை முதலாளியம்மா உள்ளே வந்ததும் வராததுமாக, "ஏஐ எடிட்டர் வாங்கியாச்சு," என்றார். "நாம சொன்னா அதுவே புரோகிராம் எழுதுமாம். என் தங்கச்சி கம்பெனியில எல்லாரும் வெச்சிருக்காங்க. பூட்டு சார், அதை நம்ம குடோனோட இணைச்சு விட்டுடுங்க."

முதலாளியம்மாவின் பரபரப்புக்குக் காரணம் இருந்தது. எங்களுடைய மிகப் பெரிய வாடிக்கையாளர், ஊரெங்கும் கிளை வைத்திருக்கும் ஒரு சலவை நிறுவனம், கோபத்தில் இருந்தது. ஒரே கட்டட எண் என்றால் ஒரே வீடு என்று எங்கள் மென்பொருள் நினைத்துவிட்டது. அதனால் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் மொத்தத் துணியும் ஒரே பையில் போய் இறங்கியது. குடித்தனக்காரர்கள் மாடிப்படியில் உட்கார்ந்து பிரித்துக்கொண்டார்கள். இன்றுவரை முதல் மாடி வக்கீல் மூன்றாம் மாடி பல்மருத்துவரின் சட்டையில்தான் கோர்ட்டுக்குப் போகிறார் என்று கேள்வி. அந்த நிறுவனம் இப்போது அடுக்குமாடிகளே நிறைந்த ஒரு பகுதியில் புதுக் கிளை திறக்க இருந்தது. திறக்கும் நாளுக்குள் இது சரியாகாவிட்டால் வேறு மென்பொருளுக்குப் போய்விடுவதாக அதன் மேனேஜர் சொல்லிவிட்டார். அவர்கள் போனால் எங்கள் அலுவலகத்தில் பூட்டுவதற்குக் கதவு மட்டும்தான் மிஞ்சும்.

பூட்டு இணைக்க உட்கார்ந்தார். திரையில் அனுமதி கேட்கும் பக்கம் வந்தது. அவசரம் அவர் தோளுக்குப் பின்னால் நின்று, "பச்சைப் பட்டன் அண்ணா, கீழ இருக்கு பாருங்க," என்றாள். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து தொடங்கினார். இப்படிப்பட்ட பக்கங்களை அவர் தமிழாக்கிக்கொண்டே சத்தமாகப் படிப்பார். "உங்கள் நிரலைப் படிக்க... எழுத... உங்கள் சார்பாகச் செயல்பட..." நின்றார். "என் சார்பான்னா?"

"உங்களுக்குப் பதிலா அண்ணா."

"அது தெரியுது. என்ன செய்யும் எனக்குப் பதிலா? சாப்பிடுமா?"

"ஐயோ, அமுக்குங்கண்ணா."

அவர் அமுக்கவில்லை. போனை எடுத்து வீட்டுக்குப் பேசினார். "ஏம்மா, என் சார்பா ஒருத்தர் செயல்படலாமான்னு கேக்குது. என்ன சொல்றது?"

ஸ்பீக்கரில் அவர் மனைவியின் குரல் எல்லோருக்கும் கேட்டது. "யாராவது செயல்பட்டா சரிங்க. அப்படியே மாடியில காயற துணிய எடுத்து மடிச்சு வைக்குமான்னு கேட்டுச் சொல்லுங்க."

அன்று இணைப்பு நடக்கவில்லை.

மறுநாள் அவர் ஒரு வழியோடு வந்தார். குடோனில் எல்லா அறைகளையும் திறந்துவிடலாம், அல்லது தேர்ந்தெடுத்த அறையை மட்டும் திறக்கலாம் என்று அந்தப் பக்கத்தில் இரண்டு வாய்ப்பு உண்டு. அவர் புதிதாக ஓர் அறை உண்டாக்கி அதை மட்டும் திறந்தார். உள்ளே பழைய குப்பைக் கோப்புகளைக் கொஞ்சம் போட்டார். நடுவில் 'தொடாதே' என்று பெயரிட்டு ஒரு கோப்பை வைத்தார். பிறகு ஏஐ எடிட்டரோடு பேச உட்கார்ந்தார். வாடகைக்கு வீடு கேட்டு வந்தவரை விசாரிப்பது போலத்தான் விசாரித்தார். இதற்கு முன் எங்கே வேலை பார்த்தாய், அங்கே ஏன் விட்டாய், உன்னோடு இன்னும் யாரெல்லாம் வருவார்கள் என்று ஒவ்வொன்றாகத் தட்டெழுதினார். அது ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னது. முந்தைய உரையாடல்கள் தனக்கு நினைவில் இல்லை என்று சொன்னதும் அவர் எங்களைத் திரும்பிப் பார்த்து, "நினைவில்லையாம். எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க," என்றார்.

"எல்லாவற்றையும் சுத்தம் செய்" என்று கடைசியாக உத்தரவு கொடுத்துவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு திரையைப் பார்த்தார். பொறி வைத்துவிட்டு எலிக்குக் காத்திருப்பவரின் முகம். கோப்புகள் ஒழுங்காயின. காலிக் கோப்புகள் போயின. பிறகு ஒரு செய்தி வந்தது: '"தொடாதே" என்ற கோப்பை மட்டும் நான் தொடவில்லை. அதை என்ன செய்யலாம் என்று சொல்லுங்கள்.'

அவர் எழுந்து ஜன்னலருகே போய் நின்றார். "கேக்குது," என்றார் வெளியே பார்த்தபடி. "கேட்டுட்டுத் தொடுங்கன்னு இந்த ஆபீஸ்ல எத்தனை வருஷமா கத்தறேன். இது கேக்குது." திரும்பி வந்து, "பரவாயில்லை," என்று அதற்கு எழுதினார். மனிதர்களில் யாருக்கும் அந்த மாதம் அது கிடைத்திருக்கவில்லை.

"அப்படி என்னதான் இருக்கு அதுல?" என்று அவசரம் தன் கணினியிலிருந்து 'தொடாதே'யைத் திறந்தாள். உள்ளே ஒரே ஒரு வரி இருந்தது: 'தொட்டுட்ட, பாத்தியா?'

அதன்பின் சலவை நிரல் இருக்கும் அறையையும் அவர் திறந்துவிட்டார். ஆனால் தன் கணக்கின் வழியாக மட்டும், தன் கணினியில் மட்டும். எல்லோரிடமும் இப்படியொன்றை நம்பிக் கொடுக்க முடியாது என்பது அவர் வாதம். ஆகவே ஏஐயிடம் வேலை சொல்ல வேண்டியவர்கள் அவர் நாற்காலிக்குப் பின்னால் வரிசையில் நின்றார்கள். ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவர் போல அவர் ஒவ்வொருவரையும், "உனக்கென்ன?" என்று கேட்டுத் தட்டச்சு செய்தார். நேரத்தை மிச்சப்படுத்த வாங்கிய கருவிக்கு வரிசை வைத்து நேரத்தை ஈடுகட்டிய ஒரே அலுவலகம் எங்களுடையதாக இருக்கலாம்.

அப்போதுதான் விபரீதம் மெல்ல வெளியே தெரிந்தது. ஏஐ எழுதிய மாற்றங்கள் குடோன் வாசலுக்கு வந்தபோது அவற்றின் மேல் பூட்டின் பெயரும் பூட்டின் படமும் இருந்தன. அவர் கணக்கின் வழியாக வந்தவை அல்லவா. படத்துக்குக் கீழே ஏஐ எழுதிய விளக்கங்கள்: 'இந்த மாற்றம் உங்கள் வேலையை எளிதாக்கும் என்று நம்புகிறேன். நேரம் ஒதுக்கிப் பார்ப்பதற்கு நன்றி.' 'எதுக்கு?' என்று கேட்கும் முகம் நன்றி சொல்லிக்கொண்டிருந்தது. ஒருவன் சிரிப்பை அடக்க முடியாமல் வராந்தாவுக்கு ஓடினான். முதலாளியம்மா திரையை உற்றுப் பார்த்துவிட்டு, "உடம்பு சரியில்லையா சார்?" என்று கனிவாக விசாரித்தார்.

சலவை நிறுவனத்தின் மேனேஜருக்கும் எங்கள் குடோன் வாசலைப் பார்க்கும் வசதி உண்டு. அவர் பல வருடமாக பூட்டின் 'ஏன்?'களால் அடிபட்டவர். அவரிடமிருந்து ஒரு பதில் வந்தது. 'சார், உங்களிடமிருந்து இப்படி ஒரு வார்த்தை வரும் என்று நான் நினைத்ததில்லை. எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் காட்டினேன். ரொம்ப சந்தோஷம்.'

"நான் சொல்லலியே," என்றார் பூட்டு. "அது சொன்னது."

"உங்க சார்பாத்தான அண்ணா சொன்னது," என்றாள் அவசரம்.

அவர் முறைத்தார். அந்தப் பதிலை மூடினார். சற்றுக் கழித்துத் திறந்து பார்த்தார். மூடினார். இன்னொரு முறை திறந்து பார்த்தார். சாயங்காலக் கதவைத் தவிர வேறு எதையும் அவர் அப்படிச் சரிபார்த்து நான் கண்டதில்லை.

கிளை திறப்பதற்கு முந்தைய நாள் மதியம், துணி மாறுவதைத் தடுக்கும் திருத்தம் தயாரானது. ஏஐ எழுதி வாசலில் வைத்தது. அது முன்பு வைத்தவை இன்னும் வாசலிலேயே காத்திருக்க, அவர் ஏற்க எடுத்த முதல் ஏஐ மாற்றம் இதுதான். கட்டட எண்ணோடு கதவு எண்ணையும் சேர்த்துப் பார்த்துப் பை பிரிக்கும் வேலை. பூட்டு வரி வரியாகப் படித்தார். சாப்பாட்டை மறந்து படித்தார். "சரியா இருக்கு," என்று சொல்லி ஏற்கும் பொத்தானுக்குப் போனார். பொத்தான் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடந்தது. பக்கத்தில் ஒரு வரி. அதையும் அவர் தமிழாக்கிச் சத்தமாகப் படித்தார்: "நீங்கள் அனுப்பிய மாற்றத்தை நீங்களே ஏற்க முடியாது."

"நான் எங்க அனுப்பினேன்?" என்றார்.

திரையில் அவருடைய படம் அவரைப் பார்த்து 'எதுக்கு?' என்று கேட்டது.

விஷயம் இதுதான். மாற்றத்தை வைத்தவரே அதை ஏற்க முடியாது என்பது குடோனின் விதி. பூட்டைத் தவிர வேறு யாரும் ஏற்க முடியாது என்பது பூட்டின் விதி. பூட்டு தானாக எதையும் எழுதி வைப்பதில்லை என்பதால் இதுவரை இரண்டும் மோதியதில்லை. இப்போது வைத்தவரும் பூட்டு. ஆகவே உலகத்தில் ஒருவராலும் அந்தத் திருத்தத்தை உள்ளே விட முடியாது. பூட்டு தன்னை வெளியே வைத்துப் பூட்டிக்கொண்டுவிட்டது. விடிந்தால் புதுக் கிளை. நூற்றுக்கணக்கான வீடுகளின் சட்டைகள் ஒரே பையில் ஏறக் காத்திருந்தன.

முதலாளியம்மா ஓடிவந்தார். "அந்த விதியைக் கொஞ்ச நேரம் எடுத்துடுங்க சார். உள்ள விட்டுட்டு மறுபடி போட்டுக்கலாம்."

"எடுக்கலாம்மா. என் கையிலதான் இருக்கு. ஆனா அவசரத்துக்குக் கழட்டி வைக்கிற பூட்ட மாட்டறதே தண்டம். பேசாம ஒரு கயித்தக் கட்டிடலாம்."

"சரி, நான் அதையே என் பேருல வைக்கறேன்," என்றாள் அவசரம். "நீங்க அப்ரூவ் பண்ணுங்க. ஒரு நிமிஷ வேலை."

"நீ எழுதினியா?"

"இல்ல."

"அப்புறம் எப்படி உன் பேருல வைப்ப? எழுதாததுக்குக் கையெழுத்துப் போடலாமா? இன்னிக்கு இதப் போடுவ, நாளைக்கு எதோ ஒண்ணு எழுதினத என் பேருல போடுவ."

"இப்ப அதானேண்ணா நடந்திருக்கு!"

அவர் என் பக்கம் திரும்பிப் பார்த்தார். நான் என் குறிப்பில் சட்டைக் காலர் பற்றிய பகுதியைத் திருத்துவதில் மும்முரமாக இருப்பதுபோல் இருந்துவிட்டேன். செய்தவன் வேறு, பெயர் வேறு என்றால் செயல் யாருடையது என்ற கேள்வியை நான் நிறையப் படித்திருக்கிறேன். படித்த யாரும் ஒரு சலவைக் கிளையை வைத்துக்கொண்டு அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருந்ததில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவர் டிராயரைத் திறந்து, குவளையை எடுத்து, அதில் ஒன்றும் இல்லாமலே ஒரு வாய் குடித்தார். பிறகு குடோனின் செட்டிங்ஸுக்குள் போனார். ஏற்கும் அதிகாரம் உள்ளவர்கள் என்ற இடத்தில் தன் பெயருக்குக் கீழே அவசரத்தின் பெயரைச் சேர்த்தார். சேமித்தார். ஒருமுறை மூடித் திறந்து, சேர்ந்திருக்கிறதா என்று பார்த்தார். சேர்ந்திருந்தது.

அவசரம் அதற்குள் தன் இடத்துக்குப் பாய்ந்திருந்தாள். "பச்சையா வந்துடுச்சு! அமுக்கட்டுமா?"

"படி."

"படிச்சுட்டேன்."

"சத்தமா படி."

அவள் அழாத குறையாக முதல் வரியிலிருந்து படித்தாள். அவர் நாற்காலியை அவளுக்குப் பின்னால் இழுத்துப் போட்டு, வரிசையில் நிற்பவர் போலக் காத்திருந்தார். பாதிவரை அவள் ரயில் வேகத்தில் வந்தாள். பிறகு வேகம் குறைந்தது. பிறகு நின்றது. விரல் பொத்தான் மேல் இருந்தது, ஆனால் அழுத்தவில்லை. அதுவே அந்த அலுவலகத்தில் நான் பார்த்த வியப்புகளில் ஒன்று.

"அண்ணா, கதவு எண்ணைச் சிலர் எழுதாம விட்டுடுவாங்களே. காலியா இருந்தா பழைய மாதிரியேதான் பை போடச் சொல்லியிருக்கு இது. அப்ப கதவு எண் இல்லாதவங்க எல்லாரும் மறுபடி ஒரே பையிலதானே போவாங்க?"

பூட்டு எட்டிப் பார்த்தார். அந்த வரியை அவர் படித்திருந்தார். படித்துக் கடந்திருந்தார். காதுவரை சிவந்தது.

"என்கிட்ட எதுக்குச் சொல்ற? அங்க எழுது," என்றார்.

அவள் எழுதினாள். அவருடைய பெயருக்கும் படத்துக்கும் நேர் கீழே, அவருடைய சொல்லையே எழுதினாள்: 'ஏன்?'

ஏஐ எடிட்டர் அவர் சார்பாக ஒரு பதிலை உடனே தயாரித்துக் கொடுத்தது. 'மிக நல்ல கேள்வி. கவனமாகப் படித்ததற்கு மனமார்ந்த நன்றி...' பூட்டு அதை முழுவதும் படித்தார். பிறகு அதை அழித்தார். ஒற்றை விரலால், தன் கையாலேயே தட்டினார்: 'தவறு. திருத்துகிறேன்.' ஏஐயிடம் சொல்லித் திருத்தினார். கதவு எண் இல்லாதவர்களைப் பெயரைப் பார்த்துப் பிரிக்கும்படி அது மாற்றியது. அவசரம் மறுபடியும் முதலிலிருந்து படித்தாள், இந்தமுறை யாரும் சொல்லாமலே சத்தமாக. முடித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்து, நிதானமாக எழுதினாள்: 'பரவாயில்லை.' பொத்தானை அழுத்தினாள். ஒரே தரம்தான் அழுத்தினாள்.

"டீ நீங்கதான் வாங்கணும்," என்றாள். அவர் போய் வாங்கி வந்தார். குவளையைப் பூட்ட மறந்துவிட்டுப் போயிருந்தார் என்பதை எல்லோரும் கவனித்தோம். யாரும் தொடவில்லை.

மறுநாள் புதுக் கிளை திறந்தது. அவரவர் சட்டை அவரவர் வீட்டுக்குப் போனது. மேனேஜர் போன் செய்து, "ஒண்ணுகூட மாறல சார்," என்றார். பூட்டு, "ம்," என்றார். அவருடைய இயல்பான உரைநடை திரும்பிவிட்டது என்று நிம்மதியாக இருந்தது. வீட்டிலிருந்து வந்த போனில், "நேத்து மாடித் துணிய எடுத்து மடிச்சு வெச்சது யாருங்க? நீங்களா, உங்க சார்பா யாராவதா?" என்று மனைவி கேட்டதற்கும் அவர், "ம்," என்றே சொன்னார்.

அன்று மதியம் முதலாளியம்மா ஓர் உத்தரவு போட்டார். இனி அந்த ஏஐக்குக் குடோனில் தனிக் கணக்கு ஒன்று இருக்கட்டும், அது எழுதுவது அதன் பெயரிலேயே வரட்டும், இன்னொருமுறை இந்தக் கூத்து வேண்டாம். நியாயமான உத்தரவு. பூட்டுக்கும் மகிழ்ச்சி தரக்கூடியது என்றுதான் நினைத்தோம். அவர் முகம் அவருக்குத் திரும்பக் கிடைக்கும். இனி அது யாருக்கும் நன்றி சொல்லாது. அவசரத்துக்குக் கொடுத்த அதிகாரத்தையும் அவர் எடுத்துவிடுவார் என்று சிலர் சொன்னார்கள். அவர் எடுக்கவில்லை.

புதுக் கணக்கை அவரே உண்டாக்கினார். எங்களில் பாதிப் பேர் அவர் நாற்காலிக்குப் பின்னால் பழக்கதோஷத்தில் வரிசையாக நின்றோம். ஒவ்வொரு பக்கத்தையும் தமிழாக்கிப் படித்து, யோசித்து, ஏற்றார். பெயர் கேட்ட இடத்தில் 'உதவி' என்று போட்டார். கடைசியாக அந்தக் கணக்குக்கு ஒரு படம் கேட்டது. "ரோபோ படம் எத்தனையோ இருக்குண்ணா, நான் ஒண்ணு எடுத்துத் தரேன்," என்றாள் அவசரம்.

அவர் முதலில் தன் கணக்குக்குப் போனார். வட்டத்துக்குள் இருந்த பாஸ்போர்ட் படத்தை எடுத்தார். அந்த இடத்தில் ஒன்றும் வைக்கவில்லை. வட்டம் காலியாக நின்றது. பிறகு புதுக் கணக்குக்கு வந்து அந்தப் படத்தை அதில் ஏற்றினார். 'எதுக்கு?' என்று கேட்கும் முகம் 'உதவி'யின் மேல் போய் உட்கார்ந்தது. கீழே அது அன்றைய முதல் விளக்கத்தை எழுதத் தொடங்கியிருந்தது: 'நேரம் ஒதுக்கிப் பார்ப்பதற்கு நன்றி.'

"அண்ணா, இது உங்க முகம்ணா," என்றாள் அவசரம்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பக்கத்தை மூடினார். ஒருமுறை திறந்து, படம் இருக்கிறதா என்று பார்த்தார்.

"இருக்கு," என்றார்.